எழுந்து நடக்கட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 61 வயது. முதுகில் இரண்டு முறை டிஸ்க் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது இடுப்பு வலியைவிட இடது காலில் ஓடும் எரிச்சல்தான் தூங்க விடுவதில்லை. டாக்டர் ஸ்பைனல் கார்ட் ஸ்டிமுலேட்டர், அதாவது தண்டுவடத்துக்கு மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி, வைக்கலாம் என்கிறார். அடுத்த மாதம் ஏழு நாள் ட்ரையல். பலன் தெரிந்தால் நிரந்தரமாக வைப்பார்கள். சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி நல்லதா, ஏற்றத் தேவையில்லாததா? அம்மா மெட்ரோவில் போகலாமா? பின்னால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? ட்ரையல் வாரம் பற்றிக் கவலை இல்லை. அம்மாவைக் கட்டிலை விட்டு இறங்கவே விடாமல் பார்த்துக்கொள்ளக் கும்பகோணத்திலிருந்து சித்தி வருகிறார்.

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

மெட்ரோவில் தாராளமாகப் போகலாம். கருவியின் அடையாள அட்டையைக் காவலரிடம் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லுங்கள். மெட்டல் டிடெக்டர் கதவைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் கருவியை அணைத்துவிட்டு, நடுவில் நிற்காமல் கடக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்பது கருவியின் மாடலையும், துடிப்பைக் கொண்டுபோகும் கம்பியான லீடையும் பொறுத்தது. வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பேட்டரிக்குப் பிறகு வருகிறேன்.

கவலை இல்லை என்று கடைசியில் எழுதினீர்களே, எனக்கு அதுதான் கவலை. அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ட்ரையலில் என்ன செய்கிறார்கள்? சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே முதுகில் ஊசி நுழைத்து, தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மெல்லிய லீட் ஒன்றோ இரண்டோ ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் எட்டு மின்முனைகள், ஒவ்வொரு முனையும் சுமார் 3 மி.மீ. நீளம். இடுப்பு, கால் வலிக்கு லீடின் நுனி பொதுவாக நடுமுதுகில், எட்டிலிருந்து பத்தாவது மார்பு முள்ளெலும்பு உயரத்தில் நிற்கும். மறுமுனை தோலுக்கு வெளியே வந்து இடுப்பில் மாட்டிய சிறு பெட்டியோடு சேர்கிறது. வலி பாதியாவது குறைகிறதா, அந்தக் குறைவோடு அன்றாட வேலைகள் நடக்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் இத்தனையும். நிரந்தரமாக வைப்பதற்கு முன் ட்ரையல் செய்து பார்க்கச் சொல்லி 2020 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மருத்துவர்களுக்குக் கடிதமே எழுதியது.

இந்த ஏழு நாளும் அம்மாவைப் படுக்க வைத்தால் எதைச் சோதிப்பீர்கள்? பத்துக்கு எட்டாக இருந்த வலி மூன்றாக இறங்கும். அது கருவி இறக்கியதா, கட்டில் இறக்கியதா? டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே பல லட்சம் கட்டி நிரந்தரமாக வைப்பீர்கள். இரண்டாம் மாதம் அம்மா அடுப்படியில் பத்து நிமிடம் நின்றதும் பழைய எரிச்சல் வந்து நிற்கும். அப்போது யாரைக் கோபிப்பீர்கள்?

இன்னொன்று. மல்லாந்து படுக்கும்போது தண்டுவடம் பின்பக்கமாக, லீடை நெருங்கி வருகிறது. நிமிர்ந்து நின்றால் விலகுகிறது. துடிப்பு தெரிகிற வகைக் கருவியில், படுத்தபடி சரிசெய்த அளவு நிற்கும்போது போதாது. நிற்கும்போது வைத்த அளவு படுத்ததும் சுளீரென்று அடிக்கும். கட்டிலில் மட்டும் பழகிய ஒருவருக்கு இது எதுவும் தெரியவராது. அதனால் ரிமோட் உங்கள் சட்டைப் பையிலோ சித்தியின் இடுப்பிலோ இருக்கக்கூடாது. அம்மாவின் கையில் இருக்கட்டும். படுக்கப் போகும் முன் குறைக்க, எழுந்ததும் கூட்ட அவரே பழகட்டும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். ட்ரையலுக்கு முந்தின வாரமே எழுதத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவீர்கள்? இடுப்புக்கு ஒரு பத்தி, காலுக்கு ஒரு பத்தி தனித்தனியாக. ஏனென்றால் இந்தக் கருவி நரம்பு எரிச்சலுக்குக் கேட்கிற அளவு வெறும் இடுப்பு வலிக்குக் கேட்பதில்லை. முதுகு ஆபரேஷனுக்குப் பின்னும் கால் நரம்பு வலி தீராதவர்களை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் கால் வலி பாதியாவது குறைந்தவர்கள் கருவி வைத்தவர்களில் 48 சதவீதம், மருந்து முதலிய வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 9 சதவீதம். அதே சமயம் 2022இல் நார்வேயில் 50 பேருக்குக் கருவியை ஓடவிட்டும், அவர்களுக்குத் தெரியாமல் ஓடவிடாமலும் பார்த்தார்கள். பர்ஸ்ட் என்ற துடிப்பு முறை அது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நம்பிக்கையும் வலியைக் குறைக்கும், தம்பி. அதனால்தான் நோட்டில் கறாராக இருக்கச் சொல்கிறேன்.

வலிக்கு எத்தனை மார்க் என்று மட்டும் அம்மாவிடம் கேட்காதீர்கள். பிள்ளை இவ்வளவு செலவு செய்கிறானே என்று "தேவலைப்பா" என்றுதான் சொல்வார். நம் வீட்டு அம்மாக்கள் வேறெப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? செய்ததை எழுதுங்கள். அடுப்பு முன் எத்தனை நிமிடம் நின்றார். பிளாஸ்டிக் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார். தெருமுனைக் கடைவரை போய்த் திரும்புவதற்குள் எத்தனை முறை நின்றார். இரவில் எத்தனை முறை விழித்தார். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாத்திரை மாறினால் நோட்டுக்கு அர்த்தமில்லை.

சித்தி வரட்டும், அவருக்கும் வேலை இருக்கிறது. குனிவது, இடுப்பைத் திருப்புவது, தூக்குவது, கையைத் தலைக்கு மேல் நீட்டுவது, இந்த நான்கும் அம்மாவுக்குக் கூடாது. அதாவது கோலம், தண்ணீர்க் குடம், கேன், பரண் மேல் டப்பா, கொடியில் துணி, தரையில் உட்கார்ந்து எழுவது எல்லாம் சித்தி பொறுப்பு. ட்ரையல் லீட் உள்ளே தைத்து நிறுத்தப்படுவதில்லை. ஒரு சென்டிமீட்டர் நழுவினாலே காலில் இருந்த துடிப்பு விலாவுக்கோ வயிற்றுக்கோ போய்விடும். அப்படிப் போனால் கருவி பலிக்கவில்லை என்று முடிவுகட்டாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். எக்ஸ்ரே எடுத்து முதல் நாள் படத்தோடு ஒப்பிடுவார்.

குளிக்கக்கூடாது; ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துவிடலாம். சென்னை வியர்வையில் பிளாஸ்திரி ஓரம் கிளம்பும். நீங்களாகப் பிரித்து ஒட்டாதீர்கள், மருத்துவமனையில் மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே கட்டுக்குள் கொண்டுவாருங்கள், தொற்று வர அது ஒரு வாசல். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எப்போது நிறுத்துவது என்பதை இதய டாக்டரும் இவரும் பேசி முடிவு செய்யட்டும். காய்ச்சல், சீழ், உட்கார்ந்தால் பிளக்கிற தலைவலி வந்தால் உடனே போன் செய்யுங்கள். காலில் புதிதாக பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவிலேயே கிளம்புங்கள்.

இனி, நிரந்தரமாக வைக்கும்போது இடுப்புப் பக்கம் தோலுக்கடியில் பதிக்கிற பேட்டரி. அதை ட்ரையல் முடிவதற்குள் தேர்ந்தெடுக்க முடியாது. அம்மாவுக்கு எந்தத் துடிப்பு அமைப்பு பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று தெரியும். குறைவாகக் குடித்தால் சார்ஜ் ஏற்றத் தேவையில்லாதது போதும், சில வருடத்தில் மாற்ற மறுபடி ஒரு ஆபரேஷன். அதிகம் குடித்தால் சார்ஜ் ஏற்றுவது; பத்து வருடம்போல வரும். ஆனால் சார்ஜரை இடுப்புக்குப் பின்னால் தானே பிடித்து வைக்க அம்மாவின் கைக்கு எட்டுகிறதா என்று இப்போதே பாருங்கள். எந்த பேட்டரியானாலும், வைத்தபின் பிசியோதெரபியில் ஷார்ட் வேவ் சூடு, அல்ட்ராசவுண்ட் ஒத்தடம் இரண்டும் ஆயுளுக்கும் கூடாது. அந்தச் சக்தி லீட் வழியே போய் நரம்பையே பொசுக்கிவிடும்.

நிரந்தரமாக வைப்பது என்று முடிவானால், முந்தின நாள் அம்மாவைப் புடவையோடு நிற்கவைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, பாவாடை நாடா விழும் கோட்டை டாக்டரை மார்க்கரால் குறிக்கச் சொல்லுங்கள். பேட்டரி அந்தக் கோட்டில் வரவேகூடாது. ஆபரேஷன் மேசையில் குப்புறப் படுத்தபின் அந்தக் கோடு யாருக்கும் தெரியாது.