ஜி-வேகன் ஆசை, பதினாறு லட்சம் பட்ஜெட்: பெட்டி வண்டி கேள்வி பதில்

பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும் எஸ்யூவி பற்றித்தான் இந்த வாரம் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வண்டிகளின் அடியில் படுத்து வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஓட்டுபவருக்கு இவை எல்லாமே பிடிக்கும். பின்சீட்டில் உட்காருபவரைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

அண்ணா, மெர்சிடிஸ் ஜி-வேகன் இரண்டரைக் கோடிக்கு மேல். என்னிடம் இருப்பது 16 லட்சம். அதே தோரணையில் எது வாங்கலாம்? வீட்டில் ஐந்து பேர், அம்மாவுக்கு 68 வயது. (கோவை)

முதலில் தலையை எண்ணுங்கள் தம்பி. மாருதி ஜிம்னியைப் பார்த்தால் ஜி-வேகன் குட்டி போட்டது போலவே இருக்கும். ஆனால் அது நாலு பேர் வண்டி. டிக்கியும் 208 லிட்டர்தான், இரண்டு பெட்டி வைத்தால் முடிந்தது. உங்கள் வீட்டுக்கு அது ஆகாது.

தோற்றத்தில் ஜி-வேகனுக்கு இன்னும் நெருக்கம் ஃபோர்ஸ் குர்கா. ஐந்து கதவு வண்டியில் ஏழு பேர் உட்காரலாம், கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) 233 மி.மீ. ஆனால் மேனுவல் கியர் மட்டும்தான். 2024-இல் அந்த மாடல் வந்தபோது ஷோரூம் விலை 18 லட்சம்.

மீதி இருப்பது மஹிந்திரா தார் ராக்ஸ். 2024 ஆகஸ்டில் 12.99 லட்சத்தில் ஆரம்பித்தது. ஐந்து பேர், 2850 மி.மீ. வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள நீளம்), பாரத் என்கேப் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம். முன்பணம் கட்டும் முன் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை உற்சாகத்தில் ஏறிவிடுவார். மூன்றாவது முறை முழங்கால் பதில் சொல்லும்.

தார் என்பது ஜீப் ராங்லரின் காப்பிதானே சார்? (மதுரை)

அப்படி ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. வில்லிஸ் ஜீப்பை உரிமம் வாங்கி 1940-களிலேயே இங்கே பாகங்களைப் பூட்டி வண்டியாக்கத் தொடங்கியது மஹிந்திரா. அந்த முகம் அவர்களுக்கு வழிவழியாக வந்தது. ஆனாலும் அதே முகத்தோடு ‘ராக்ஸர்’ என்ற வண்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது ஜீப்பின் அன்றைய உரிமையாளரான ஃபியட் கிரைஸ்லர் 2018-இல் வழக்குப் போட்டது. 2020-இல் தீர்ப்பு மஹிந்திராவுக்கு எதிராக வர, முகத்தை மாற்றினார்கள். அப்பட்டமான காப்பி என்றால் ரேஞ்ச் ரோவர் இவோக்கைப் பார்த்துச் செய்த சீனாவின் லேண்ட்விண்ட் எக்ஸ்7. சீன நீதிமன்றமே 2019-இல் அதை விற்கக் கூடாது என்றது.

கொல்லிமலை, ஏற்காடு அடிக்கடி போவோம். நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் அவசியமா? (சேலம்)

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அது தார் ரோடு. டூ வீல் டிரைவே தாராளம். சேறு, மணல், தோட்டத்து மண்பாதை தினமும் உண்டு என்றால் மட்டும் யோசியுங்கள். ராக்ஸில் பெட்ரோலுக்கு ஃபோர் பை ஃபோரே கிடையாது, டீசலில்தான்.

இன்னொன்று. ஜிம்னி, தார், குர்கா மூன்றிலும் இருப்பது தேவைப்படும்போது போட்டுக்கொள்ளும் வகை. முன் பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரென்ஷியல், அதாவது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் அமைப்பு, இல்லை. வளைவில் முன்சக்கரம் அதிக தூரம் ஓடும், பின்சக்கரம் குறைவாக ஓடும். காய்ந்த தார் ரோட்டில் சக்கரம் வழுக்கிச் சரிக்கட்ட முடியாததால் முறுக்கு முழுவதும் கியர்களில் ஏறும். ‘கிரிப் கிடைக்கும்’ என்று மலையில் ஃபோர் பை ஃபோர் போட்டே ஓட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) சத்தம் போடுகிறது என்று வந்தவர்கள் உண்டு.

ஷோரூம் விலை 15 லட்சம் என்கிறார்கள். ஆன்ரோடு கேட்டால் தலை சுற்றுகிறதே? (சென்னை)

40 சதவீத ஜிஎஸ்டி அந்த 15 லட்சத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்குமேல் தமிழ்நாட்டு ஆயுள்வரி. 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், ஆக 2.70 லட்சம். அப்புறம் இன்சூரன்ஸ். விலை 20 லட்சத்தைத் தாண்டினால் ஆயுள்வரி 20 சதவீதம். 19.90-க்கும் 20.10-க்கும் விலையில் வித்தியாசம் 20 ஆயிரம், வரியில் கிட்டத்தட்ட 44 ஆயிரம். சன்ரூஃப் ஆசையில் இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

பின்சீட்டில் குழந்தைகளுக்குக் குமட்டுகிறது. ராக்ஸ் எடுத்தால் சரியாகுமா? (திருச்சி)

சந்தேகம்தான். ராக்ஸ் லேடர் ஃப்ரேம் வண்டி. லாரி போல அடியில் தனிச் சட்டம், அதன்மேல் பாடி. பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் முழு அச்சு. பழைய தாரைவிட எவ்வளவோ தேவலாம், ஆனாலும் வேகத்தடையிலும் ஒட்டுப்போட்ட ரோட்டிலும் பக்கவாட்டில் ஆட்டும். உங்களுக்கு டாடா ஹாரியர் பொருந்தும். அதில் பாடியும் சட்டமும் ஒன்றே. வேடிக்கை என்னவென்றால், ஆடம்பர வண்டியோடு நிஜ ரத்த சம்பந்தம் இதற்குத்தான். 2008-இல் டாடா ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கியது. லேண்ட் ரோவரின் டி8 என்ற அடித்தளத்திலிருந்து பிறந்ததுதான் 2019-இல் வந்த ஹாரியர். பெட்டி வடிவம் இல்லை, டீசலில் முன்சக்கர இழுவை மட்டுமே. மலையில் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், அது போதாதா?

மைலேஜ்? (நெல்லை)

எண்பதில் போனால் பரவாயில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 110-இல் அது எண்பதில் இருந்ததைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நேரான கண்ணாடியோடு நீங்கள் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள்.

ஜிம்னிக்கு பம்பர், பாடி கிட் போட்டு ஜி-வேகனாக மாற்றலாமா? (ஈரோடு)

ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அதோடு விடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதுதான் அந்த பம்பரின் உண்மையான விலை தெரியும்.

ராக்ஸின் வெள்ளை சீட் எப்படி? அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தொல்லை இருக்குமா? (தாம்பரம்)

புளியோதரை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகும் குடும்பத்துக்கு வெள்ளை சீட் ஆகாது. கவர் போட்டால், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் வெளிவர வழிவிட்டுத் தைத்த கவராகப் பாருங்கள். பார்க்கிங்கில் நீளத்தைவிடப் பின்கதவுதான் தலைவலி. ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும், பின்னால் சுவர் இருந்தால் பாதிகூடத் திறக்காது. என் மச்சான் வண்டியை முன்பக்கமாக விட்டுவிட்டு, சாமான் எடுக்க ஒவ்வொரு முறையும் நடைபாதையை மறிக்கிறார். போகும் முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.