சக்கரம் அக்காவிடம் கேளுங்கள்: வாரநாளுக்கு ஒரு சைக்கிள்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 39. ஞாயிறுதோறும் மலைப்பாதையில் மூன்று மணி நேரம் ஓட்டுகிறேன். 29 இன்ச் சக்கரம், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக். கடைசி ஏற்றத்தில் மூச்சு போய்விடுகிறது. கூட வருகிறவர்கள் மேலே நின்று எனக்காகக் காத்திருக்கிறார்கள். அதனால் செவ்வாய், புதன், வெள்ளி காலையில் ஒரு மணி நேரப் பயிற்சி ஆரம்பித்தேன். அதே சைக்கிளைத் தார்ச்சாலையில் ஓட்டினால் டயர் ஊளையிடுகிறது, சேற்றில் இழுக்கிற மாதிரி இருக்கிறது, டயர் நடுவில் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன்களும் தேய்ந்துவிட்டன. இரண்டாவதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டால், ஒரு நண்பர் ரோடு பைக் என்கிறார், இன்னொருவர் ஹைப்ரிட் என்கிறார், மூன்றாமவர் கிராவல் என்கிறார். நான்காமவர், "வீட்டுக்குள்ளேயே டிரெயினர் போட்டுக்கொள்" என்கிறார், அதாவது சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கிற ஸ்டாண்டு. நான் போகும் வழியில் பெரும்பகுதி தார், கொஞ்சம் உடைந்த சாலை, 3 கி.மீ. மண்பாதை. எதை வாங்குவது?
- கடைசியாக மேலே வருகிறவன்

பதில்: நண்பர்கள் சொன்ன நான்கையுமே நான் வெவ்வேறு காலத்தில் வாங்கிப் பார்த்தவள், தம்பி. இரண்டை விற்றுவிட்டேன். ஒன்று சுவரில் மாட்டியிருக்கிறது, அதன் ஹேண்டில்பாரில் குடை தொங்குகிறது. மீதி இருப்பது கிராவல் பைக், அதாவது ரோடு பைக் மாதிரி வளைந்த ஹேண்டில்பாரும் மண்பாதைக்கும் ஆகிற அகல டயரும் உள்ள வகை. உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், 40 மி.மீ. டயர் போட்டு.

ஆனால் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டு மேலே போகிறேன். டயர் இழுப்பதால் பயிற்சி வீணாகிறது என்று நினைக்காதீர்கள். இதயத்துக்கு வேகம் தெரியாது. நிமிடத்துக்கு 160 துடிப்பு என்று அரை மணி நேரம் மிதித்தால், வேகமானியில் 22 கி.மீ. காட்டினாலும் 29 கி.மீ. காட்டினாலும் கால் செய்த வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வேகமான சைக்கிள் வாங்கினால் அதே ஒரு மணி நேரத்தில் கூடுதல் தூரம் போவீர்கள், அவ்வளவுதான். "சைக்கிள் மாற்றினேன், சராசரி வேகம் 5 கி.மீ. ஏறிவிட்டது, உடம்பு தேறிவிட்டது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். தேறியது டயர்.

அப்படியானால் இரண்டாவது சைக்கிள் எதற்கு? செவ்வாய்க்கிழமை காலைக்காக. ஞாயிறு மத்தியானம் களைத்து வந்து, சேறு அப்பிய சைக்கிளை அப்படியே சாத்திவைத்துவிட்டுக் குளிக்கப் போகிறோம். திங்கள் வேலை. செவ்வாய் காலை 5 மணிக்கு விளக்கைப் போட்டால், செயினில் காய்ந்த மண், பின் டயரில் காற்று பாதி, பின் பிரேக்கில் ஏதோ உரசுகிற சத்தம். அந்த நேரத்தில் படுக்கை பக்கத்திலேயே இருக்கிறது. நான் தவறவிட்ட பயிற்சி நாட்களில் பாதிக்கு மேல் இப்படிப் போனவைதான். மழையோ உடம்பு வலியோ அந்தக் கணக்கில் ரொம்பக் குறைவு. கதவைத் திறந்ததும் ஏறி உட்கார ஒரு சைக்கிள் தயாராக நின்றால், சண்டை போடாமலே வெளியே போய்விடுகிறோம். வாரநாள் சைக்கிளுக்கு நான் வைக்கும் முதல் பரீட்சை இதுதான்: எழுந்ததிலிருந்து முதல் மிதி வரை எத்தனை நிமிடம்?

ரோடு பைக் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என்னுடையது 23 மி.மீ. டயர் போட்ட பந்தய வகை. நல்ல தாரில் அது ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, அதைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் உடைந்த சாலை வந்ததும் உள்ளங்கை மரத்துப்போகும். ஒரு காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நடைபாதையில் உட்கார்ந்து, டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் தடவிக்கொண்டே போனேன். இரண்டு சுற்று தடவியும் ஒன்றும் இல்லை. மூன்றாவது சுற்றில் சுருக்கென்று குத்தியது: தலைமுடி தடிமனில், அரிசி நீளம்கூட இல்லாத ஒரு கம்பித்துண்டு, லாரி டயரிலிருந்து உதிர்கிற வகை. நகத்தால் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். பயிற்சி அன்றைக்கு அதோடு முடிந்தது. அந்த மாதத்தில் அது நான்காவது பஞ்சர். அதன் பிறகுதான் குடை மாட்டினேன்.

அகலமான டயர் என்றால் மெதுவான டயர் என்பது பழைய எண்ணம். சாலை சொரசொரப்பாக இருந்தால் குறுகிய டயரில் இறுக்கி அடைத்த காற்று சைக்கிளையே குதிக்க வைக்கிறது, அந்தக் குதியலில் உங்கள் பலம் போகிறது. 40 மி.மீ. டயரில் காற்றழுத்தம் 40 பி.எஸ்.ஐ. அளவில் வைத்து (உங்கள் எடைக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்) ஓட்டிப் பாருங்கள். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் சின்னப் பட்டன்களோடும் இருக்கிற வகையாகப் பாருங்கள். உங்கள் 3 கி.மீ. மண்பாதைக்கு அது தாராளம்.

ஹைப்ரிட், அதாவது ரோடு பைக்கும் மவுண்டன் பைக்கும் கலந்த வகை, மோசமில்லை. நேரான ஹேண்டில்பார், மவுண்டன் பைக் பழக்கத்தோடு ஒத்துப்போகும். டிராஃபிக்கில் புகுந்து போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு மணி நேரம் கையை ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டும். அப்புறம், காற்று. சமதளத்தில் 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் உங்களைத் தடுப்பதில் பெரும்பங்கு காற்றுதான், அந்தக் காற்றில் மோதுவதும் பெரும்பாலும் உங்கள் உடம்புதான். வளைந்து இறங்கும் ஹேண்டில்பாரில் குனிந்துகொள்ளலாம், நிமிர்ந்துகொள்ளலாம், பிரேக் பிடியின் ரப்பர் மூடிமேல் கையை வைத்து எழுந்து மிதிக்கலாம். எதிர்காற்று நாளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வளைந்த ஹேண்டில்பார் பழகினால் ஞாயிறு ஓட்டம் கெடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அமெரிக்க வீரர் ஜான் டோமாக் 1990இல் தன் மவுண்டன் பைக்கிலேயே வளைந்த ஹேண்டில்பார் மாட்டிப் பந்தயம் ஓடினார். அதே வருடம் ரோடு பந்தயமும் ஓடிக்கொண்டிருந்ததால், இரண்டிலும் உடம்பு ஒரே மாதிரி இருக்கட்டும் என்பது அவர் கணக்கு. மவுண்டன் பைக் உலகக் கோப்பையை 1998, 1999 இரண்டு வருடமும் வென்ற கேடல் எவன்ஸ்தான் 2011இல் டூர் டி பிரான்ஸ் என்ற ரோடு பந்தயத்தையும் வென்றார். பவுலின் ஃபெரான் பிரேவோ 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் தங்கம் வாங்கி, 2025இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்றார். அவர்கள் அளவு நமக்கு வேண்டாம். ஆனால் ஒன்று இன்னொன்றைக் கெடுக்கும் என்பதற்கு இவர்களைப் பார்த்தால் ஆதாரம் கிடைக்காது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை. ஃபிரேமில் குறைந்தது 45 மி.மீ. டயர் நுழைய இடம் இருக்கட்டும், மட்கார்டு மாட்டத் துளை இருக்கட்டும். பெடல் இரண்டு சைக்கிளிலும் ஒரே வகையாகப் போடுங்கள். ஷூவைப் பெடலில் பூட்டும் கொக்கி, ஷூவுக்கு அடியில் இரண்டு போல்ட்டில் நிற்கும் மவுண்டன் பைக் வகையே போதும், ஒரே ஷூவில் வேலை முடிந்துவிடும். சீட் உயரத்தை மட்டும் மவுண்டன் பைக்கிலிருந்து அப்படியே எடுங்கள்: கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட் மேல்விளிம்பு வரை, சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய்) போகும் திசையிலேயே டேப்பைப் பிடித்து அளக்க வேண்டும். கிராங்க் நீளம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால்தான் இந்த அளவு சரிவரும். சீட்டை முன்பின் நகர்த்தும் அளவைக் காப்பியடிக்காதீர்கள். இப்போது வரும் மவுண்டன் பைக்குகளில் சீட் டியூப் 76, 77 டிகிரி என்று நெட்டாக நிற்கும், கிராவலில் 73, 74 டிகிரிதான் இருக்கும். அதனால் கிராவலில் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். முழங்கால் வலித்தால் எழுதுங்கள்.

பிரேக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் இடது முழங்கையில் அதற்கு ஒரு தழும்பு இருக்கிறது. வலது கை முன் பிரேக்கா, பின் பிரேக்கா என்பது நாட்டுக்கு நாடு மாறும். பழைய சைக்கிளாக வாங்கினால் முன்னால் ஓட்டியவர் அவர் வசதிக்கு மாற்றியும் வைத்திருப்பார். என் வாரநாள் சைக்கிள் ஒரு விதம், மவுண்டன் பைக் வேறு விதம். ஐந்து நாள் ஒன்றைப் பிடித்துப் பழகிய கை, ஆறாவது நாள் சரளைக்கல் இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை அழுத்தியது. சக்கரம் மடங்கி, நான் தரையில். இரண்டு சைக்கிளிலும் ஒரே கைக்கு ஒரே பிரேக் வர வேண்டும். அதற்கு, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்கில் குழாயைக் கை மாற்றி, எண்ணெயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அரை நாள் வேலை. வாங்குகிற அன்றே செய்துவிடுங்கள்.

டிரெயினர் மழைக்கும் குளிருக்கும் நல்லது, நான்கு நிமிடம் முழு மூச்சாக மிதிக்கவும் நல்லது. ஆனால் எதிரே பெரிய மின்விசிறி இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் உங்களைத் தோற்கடிப்பது கால் அல்ல, சூடு. பட்டன் டயரை உருளைமேல் வைத்து ஓட்டும் வகையை மட்டும் வாங்காதீர்கள். வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு மாதம் இதைச் செய்யுங்கள். மவுண்டன் பைக்கிலேயே 2 இன்ச் அகலத்தில் பட்டன் குறைந்த டயர் இரண்டு போட்டு, சஸ்பென்ஷனைப் பூட்டிவிட்டு, அந்த மூன்று நாளும் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எளிதான பாதையாகப் பார்த்துப் போங்கள். நாள்காட்டியில் போன நாளுக்கு வட்டம் போடுங்கள். பன்னிரண்டுக்கு எட்டு வட்டமாவது விழுந்தால் வாங்கலாம். மூன்றுதான் விழுந்தது என்றால் புது சைக்கிளும் குடைதான் சுமக்கும்.

தனியாக ஒரு ஜோடி சக்கரம் வாங்கி வாராவாரம் மாற்றலாமே என்று தோன்றும். நானும் ஆறு வாரம் மாற்றினேன். சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிஸ்க் தட்டு இரண்டு ஜோடியிலும் ஒரு நூல் தள்ளி நின்றதால் ஒவ்வொரு முறையும் பிரேக் உரசியது. செயின் தேய்ந்திருந்தது, புது ஜோடியின் பல்சக்கரம் தேயாதது, அழுத்தி மிதித்தால் குதித்தது. ஏழாவது வாரம் கைவிட்டேன்.

உங்களுக்கு மேலே போக மூச்சு வேண்டும் என்பதால், செவ்வாயன்று நான்கு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு தடவை. புதனன்று பேச்சு தடைப்படாத வேகத்தில் ஒரு மணி நேரம். வெள்ளியும் அப்படியே, நடுவில் ஆறு தடவை மட்டும் எழுந்து நின்று 15 விநாடி முழு வேகம். மலைப்பாதை கேட்பது இந்தத் திடீர் உந்தலைத்தான்.

கேள்வி: தார்ச்சாலையில் மவுண்டன் பைக் கியர் தீர்ந்துபோகிறது, முன்னால் பெரிய பல்சக்கரம் மாட்டலாமா? இப்போது 32 பல், பின்னால் சிறியது 10 பல்.
- வேகப்பிரியை

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 29 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.3 மீட்டர் போகும். 32ஐ 10ஆல் வகுத்தால் 3.2, ஆக ஒரு முழு மிதிக்கு 7.3 மீட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 90 மிதி என்றால் மணிக்கு 39 கி.மீ. சமதளத்தில் பட்டன் டயரோடு அந்த வேகத்தை ஒரு மணி நேரம் பிடிப்பவர் எனக்குக் கடிதம் எழுத வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் 60, 65 மிதியில் கனமாக மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: என் பழைய 26 இன்ச் மவுண்டன் பைக் சும்மா நிற்கிறது. சஸ்பென்ஷன் இல்லாத இரும்பு ஃபோர்க். வாரநாளுக்கு ஆகுமா?
- தூசி தட்டுபவர்

பதில்: ஆகுமாவா? இந்த வாரக் கடிதங்களிலேயே எனக்குப் பொறாமை வந்தது உங்கள்மேல்தான். ஒன்றரை இன்ச் வழவழப்பான டயர் இரண்டு, புது செயின், புது பிரேக் கட்டை, வேறெதுவும் வேண்டாம். செயின் மாற்றியதும் பல்லில் குதித்தால் பின் பல்சக்கரத்தையும் மாற்றுங்கள். டயர் வாங்கும்போது "26" என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அந்தப் பெயரில் வேறு அளவுகளும் உண்டு. பழைய டயரின் பக்கச்சுவரை ஈரத்துணியால் துடைத்தால், புடைத்த எழுத்தில் கோடு போட்டு இரண்டு எண் தெரியும். இரண்டாவது எண் 559 என்று இருக்கும். புது டயரிலும் அதே 559 இருக்க வேண்டும்.