காற்றாலை டிவி சிக்னலை எப்படிக் கெடுக்கிறது, அதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

கன்னியாகுமரி அருகே காற்றாலைகள் நிறைந்த முப்பந்தல் பக்கம் போய்வந்த நண்பர் கேட்ட கேள்வி இது. முடியும், ஆனால் ஒரு பொறி இருக்கிறது.

சிங்கப்பூரில் நம் ஜன்னலோர ஆன்டெனாவுக்கு புக்கிட் பாத்தோக் டிவி ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து நேராக ஓர் அலை வரும், எதிர் புளோக்கில் பட்டுத் தெறித்து இன்னொன்று வரும். புளோக் அசையாது, அதனால் டிஜிட்டல் டிவி அதைச் சமாளித்துவிடும், வசந்தம் சேனல் பார்க்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. காற்றாலை சுற்றுகிறதே, அதுதான் சிக்கல்.

60 மீட்டர் இறக்கை நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றினால் நுனி வினாடிக்கு சுமார் 94 மீட்டர் வேகத்தில் போகும், மூன்று இறக்கை என்பதால் நிமிடத்துக்கு 45 முறை சிக்னல் ஏறி இறங்கும். பழைய அனலாக் டிவியில் படம் அந்தத் தாளத்திலேயே மினுக்கும். டிஜிட்டலில் உறைந்து கட்டம் கட்டமாக உடையும்.

கணக்குக்கு இறக்கையை ஓர் உலோகப் பட்டையாக எடுத்துக்கொண்டு, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றும் சிதறடிக்கும் அலையை அதன் கட்டத்தோடு (phase, அதாவது அலை அந்த நேரத்தில் ஏற்றத்தில் இருக்கிறதா இறக்கத்தில் இருக்கிறதா என்பதோடு) கூட்டுவார்கள். சரி, பொறி எங்கே? ரேடார்காரர்கள் போல 'சிதறல் பரப்பு' (ஒரு பொருள் அலையை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதன் அளவு) என்று ஒரே எண்ணைப் போட்டு முடித்துவிடலாம் என்று தோன்றும். அந்த ஒற்றை எண் வெகு தொலைவில் இருந்தால்தான் பொருந்தும். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர், இந்த இறக்கைக்கு அந்தத் தொலைவு 14 கிலோமீட்டருக்கு மேல்! வீடுகளோ அதைவிடக் கிட்டத்தில். அங்கே துண்டு துண்டாகக் கூட்டித்தான் ஆகவேண்டும்.