சட்டம் கேளுங்கள்: என் பணம், அப்பா பெயரில் வீடு

கேள்வி: வெளிநாட்டில் 14 வருடம் வேலை பார்த்து மாதாமாதம் அப்பா கணக்குக்குப் பணம் அனுப்பினேன். அதில் அவர் தன் பெயரில் மனை வாங்கி வீடு கட்டினார். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். தம்பியும், கல்யாணமான தங்கையும் பங்கு கேட்கிறார்கள். அம்மா இருக்கிறார். நாங்கள் இந்துக்கள். வீடு முழுக்க எனக்கே என்று வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் கிரயப் பத்திரத்தை எடுங்கள். வாங்கியவர் என்ற இடத்தில் அப்பா பெயர் மட்டும் இருந்தால், உங்கள் வழக்கு நிற்பது கடினம். காரணத்தைச் சொல்கிறேன். குடும்பத்துக்கென்று கொடுத்த பணம் என்றால் அது அப்பாவின் பணமாகிவிட்டது, வீடும் அவருடையதே. ‘இல்லை, எனக்காகத்தான் அவர் பெயரில் வாங்கினார்’ என்றால் அது பினாமி. அப்படி உரிமை கேட்கும் வழக்கையே 1988-ம் ஆண்டு பினாமி சட்டத்தின் 4-வது பிரிவு தடுக்கிறது. நம்பிக்கைப் பொறுப்பில், அதாவது உங்களுக்காகக் காத்துவைக்கும் கடமையோடு, அப்பா வைத்திருந்தார் என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அதற்குக் கடிதமோ, வேறு எழுத்தோ வேண்டும். பணம் அனுப்பிய ரசீதில் நோக்கம் என்ற கட்டத்தைப் பாருங்கள். ‘குடும்பப் பராமரிப்பு’ என்று இருந்தால், அந்த ஒரு வரியே எதிர்த்தரப்புக்குப் போதும். கிரயத்தில் உங்கள் பெயரும் கூட்டாகச் சேர்ந்திருந்தால் மட்டும் கதை வேறு.

ஆகவே 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடிருந்தால் ஐந்து பங்கு. கல்யாணமாகிவிட்டது என்பதால் தங்கையின் பங்கு குறையாது.

உங்கள் உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. கோர்ட்டில் கிடைக்காதது வீட்டுக் கூடத்தில் கிடைக்கலாம். வங்கிக் கணக்கு விவரத்தை வருடவாரியாக எடுத்து, அம்மா முன்னிலையில் வைத்துப் பேசுங்கள். மற்றவர்கள் மனமொப்பினால், அவர்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். குடும்பத்தாருக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. கருமாதி முடிந்த கையோடு வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம்தான் பல வீடுகளில் பின்னால் சண்டையைக் கிளப்புகிறது. பதியாத அந்தத் தாளால் உரிமை மாறாது. பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவருக்கும் அதனால் மட்டும் சொத்து சொந்தமாகிவிடாது.

கேள்வி: அப்பாவின் வைப்புத்தொகைக்கு நான்தான் நாமினி. பணம் எனக்கு மட்டும்தானே?

பதில்: வங்கி உங்கள் கையில் கொடுக்கும். ஆனால் வாரிசுகள் அனைவருக்காகவும்தான் நீங்கள் அதை வாங்குகிறீர்கள். அவரவர் பங்கைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது கையெழுத்திட்ட ரசீது வாங்கி வையுங்கள்.