இரண்டு பாங்குக்கு நடுவே

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கொழிஞ்சாம்பாறை பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளைமார் (மலையாள முஸ்லிம்கள்) பள்ளிவாசலில் அஸர் பாங்கு, அதாவது பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு, சொல்லி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் தமிழ் பேசும் நம் ராவுத்தர்களின் பள்ளிவாசலில் சொல்கிறார்கள். அல்லாஹ் விதித்த நேரம் எப்படி இரண்டாகும்? இன்னொன்று. அந்த நேரத்தில்தான் கடையில் கூட்டம். ஓடிப்போய்த் தொழுதாலும் மனம் பால் பாத்திரத்திலேயே நிற்கிறது. மனம் ஒன்றும்போது தொழுவதுதானே மேல்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி, வ அலைக்குமுஸ்ஸலாம்.

நானும் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைதான், இரண்டு பாங்கையும் கேட்டு வளர்ந்தவன். என் நன்னி (பாட்டி) கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. களத்தில் நிலக்கடலை காயும்போது பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலைப் பாதம் வைத்து அளப்பார். உச்சியில் எஞ்சிய நிழலைக் கழித்துவிட்டு, நிழல் குச்சியின் நீளத்துக்கு வந்தால் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) அஸர். இருமடங்கானால் ஹனஃபியில். சித்திரை முதல் வாரத்தில் கழிக்கும் வேலையே இல்லை, நம் பாலக்காட்டில் உச்சிவெயிலுக்கு நட்ட குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். 'உம் இறைவன் நிழலை எப்படி நீட்டுகிறான் என்று நீர் பார்க்கவில்லையா?' என்று குர்ஆன் (25:45) கேட்கிறது. நன்னி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலேயே பாதித் தொழுகை நடந்துவிட்டதாக இன்று எனக்குப் படுகிறது.

மாப்பிள்ளைமார் ஷாஃபிகள், நாம் ஹனஃபிகள். இதில் சண்டை ஏதுமில்லை. ஹனஃபி மத்ஹபுக்குப் பெயர் தந்த இமாம் அபூஹனீஃபாவின் மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதுமே ஒரு மடங்கு என்றுதான் சொன்னார்கள். கஅபா அருகே வானவர் ஜிப்ரீல் (அலை) நபிகளுக்கு (ஸல்) இரண்டு நாள் தொழுகை நடத்திக் காட்டியதை நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார். முதல் நாள் அஸர், நிழல் பொருளின் அளவு இருந்தபோது. மறுநாள், இருமடங்கானபோது. கடைசியில், இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே வக்து (தொழுகை நேரம்) என்றார் ஜிப்ரீல். ஆக, வக்து என்பது ஒரு நொடி இல்லை தம்பி, அது ஒரு அகலம்.

மனம் ஒன்றாததைப் பற்றி. தொழுகை 'நேரம் குறிக்கப்பட்ட கடமை' என்ற வசனம் (4:103) எங்கே வருகிறது பாருங்கள். போர்க்களத்துத் தொழுகையைச் சொல்லிவிட்டு வருகிறது. ஒரு கூட்டம் தொழ, இன்னொரு கூட்டம் ஆயுதத்தோடு காவல் நிற்க வேண்டும். அங்கே யாருக்கு மனம் ஒன்றியிருக்கும்? ஆனாலும் மனம் அடங்கும்வரை தொழுகையைத் தள்ளிப்போடச் சொல்லப்படவில்லை. மனம் அடங்கக் காத்திருந்தால் என் போன்றவன் வருடத்தில் நாலு நாள்தான் தொழுவான். நேரம் வந்து கூப்பிடுகிறது, இருக்கிற மனத்தோடு போகிறோம்.

குர்ஆனின் 107ஆம் அத்தியாயம் தொழுகையாளிகள் சிலருக்குக் கேடு என்கிறதே என்று நீங்கள் பயப்படலாம். அங்கே இருப்பது 'அன் ஸலாத்திஹிம்', தொழுகையை விட்டுப் பராமுகமாக இருப்பவர்கள். 'ஃபீ', அதாவது தொழுகைக்குள், என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்த முன்னோர் உண்டு. தொழுகைக்குள் பால் பாத்திரம் வந்து போவது நம் எல்லோருக்கும் உள்ளதுதான்.

முதல் பாங்குக்குக் கூட்டம் நின்றால் டீ ஆற்றிக் கொடுங்கள். இரண்டாவது பாங்கு கேட்டதும் அடுப்பைத் தணித்துவிட்டு, கை முகம் கால் கழுவி ஒளு செய்யுங்கள். வெயில் மஞ்சளாகும்வரை விட வேண்டாம்.