18,000 டொலர் கட்டினால் பைலட் வேலை: வீட்டை ஈடு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 26, தெஹிவளையில் இருக்கிறேன். இரத்மலானையில் படித்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் எடுத்து, 210 மணித்தியாலம் பறந்திருக்கிறேன். ஒரு தனியார் விமானக் கொம்பனிக்கு விண்ணப்பித்ததில் இன்டர்வியூ பாஸ். ஆனால் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு, அதாவது அந்த ரக ஜெட் விமானத்தை ஓட்ட லைசென்ஸில் சேர்க்கும் தகுதிக்கு, 18,000 டொலரை நானே கட்ட வேண்டுமாம், அதில் கால்வாசி இரண்டு வாரத்துக்குள். மூன்று வருட பாண்ட் (அதற்குள் விலகினால் காசு கட்ட வேண்டும்), இரண்டு பேர் பிணை. ஆறு மாதப் பயிற்சியில் மாதம் 60,000 ரூபா, அப்புறம் 350,000. படிப்புச் செலவுக்கு வைத்த அம்மாவின் நகை இன்னும் அடைவில்தான் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அப்பா வீட்டை ஈடு வைத்து 14 வீத வட்டிக்கு ஐந்து வருடக் கடன் எடுக்கலாம் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: வாழ்த்துகள் தம்பி, 210 மணித்தியாலத்தோடு ஜெட் விமானத்துக்கு அழைப்பு வருவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனாலும் வீட்டு உறுதி இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய கொம்பனிக் கடிதத்தின் இரண்டாம் பந்தியை அப்பாவோடு சேர்ந்து ஆறுதலாக வாசியுங்கள். "பயிற்சியை முடித்தவர்கள் நிறுவனத்தின் தேவைக்கேற்ப பணியில் அமர்த்தப்படுவர்" என்று இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே "கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது". அதாவது நீங்கள் காசு கட்டுவது நிச்சயம், அவர்கள் வேலை தருவது அவர்கள் வசதியைப் பொறுத்தது. என் கணக்கில் இது வேலைக் கடிதமே இல்லை, ஒரு பயிற்சி வகுப்புக்கான பில்.

அந்த பாண்ட் எதற்கு என்றும் எனக்குப் புரியவில்லை. கொம்பனி தன் காசில் படிப்பித்தால், படித்துவிட்டு ஓடிவிடக் கூடாது என்று மூன்று வருடம் கட்டி வைப்பது நியாயம், உலகம் முழுக்க நடப்பதுதான். முழுக் காசும் உங்களுடையது என்றால் எதைக் காப்பாற்ற இரண்டு பிணை? ஒன்றில் அவர்கள் செலவு, உங்கள் பாண்ட். இல்லாவிட்டால் உங்கள் செலவு, பாண்ட் இல்லை. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டுவதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 54 இலட்சம். நீங்கள் சொன்ன வட்டிக்கு மாதத் தவணை கிட்டத்தட்ட 125,600. முழுச் சம்பளம் வந்த பிறகு பிரச்சினை இல்லை: 350,000இல் வரி சுமார் 32,500, ஈபிஎஃப் 28,000, தவணையும் போனால் 164,000 அளவில் கையில் நிற்கும். அப்பாவும் நீங்களும் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இடிப்பது அதற்கு முந்தின ஆறு மாதம்தான். கையில் வருவது 60,000, வங்கி கேட்பது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே, சாப்பாடு, பஸ் காசு வேறு. முழு அலவன்ஸையும் வங்கிக்கே கொடுத்தாலும் ஆறு மாத முடிவில் ஏறக்குறைய 4 இலட்சம் துண்டு விழும், அதை அப்பாவின் பென்ஷனா அடைக்கப் போகிறது? அதுவும் பயிற்சி ஆறு மாதத்தில் முடிந்தால். சிமுலேட்டருக்கு நேரம் கிடைக்கவில்லை, விமானம் திருத்த வேலைக்குப் போய்விட்டது என்று பத்து மாதமானால் வங்கி காத்திருக்காது.

18,000இல் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். சிமுலேட்டர் பரீட்சை பாஸானால் மட்டும் போதாது, உங்களைப் போல மணித்தியாலம் குறைந்தவர்கள் உண்மையான விமானத்தில் ஏற்றி இறக்கிக் காட்டும் பேஸ் ட்ரெய்னிங்கையும் முடித்தால்தான் லைசென்ஸில் ரேட்டிங் ஏறும். ஏ320ஐப் பயணிகள் இல்லாமல் சுற்ற விடுவது மலிவான விஷயமில்லை, அந்த பில் பிறகு தனியாக வந்தால் என்ன செய்வீர்கள்? ரேட்டிங்குக்குக் காலாவதியும் உண்டு. வேலை தராமல் வீட்டில் இருத்திவிட்டால் அதைப் புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டருக்குக் காசு.

கொம்பனிக்கு ஏஓசி, அதாவது விமான சேவை நடத்தும் அனுமதிச் சான்றிதழ், இருக்கிறதா, அதில் ஏ320 சேர்ந்திருக்கிறதா என்று சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள், இதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. காசு போக வேண்டியது பயிற்சி நிலையத்தின் கணக்குக்கு, அவர்களுடைய இன்வொய்ஸுக்கு எதிராக, கட்டம் கட்டமாக. யாரோ டைரக்டரின் சொந்தக் கணக்கு இலக்கத்தைத் தந்தால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். இரண்டு வார அவசரமும் எனக்குப் பிடிக்கவில்லை.

பேரம் பேசலாம், பைலட் வேலையிலும் பேசலாம். பாதிச் செலவை அவர்கள் போட்டு, உங்கள் பாதியையும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கட்டும், அப்படியென்றால் பாண்டில் கையெழுத்து வைக்கலாம். அதுவும் வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் பாண்ட் தொகை குறைய வேண்டும், தொகையை ரூபாவில் எழுத வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். மெடிக்கல் பரிசோதனையில் தவறி கொக்பிட்டில் ஏற முடியாமல் போனால் பாண்ட் என்னாகும் என்பதற்கும் ஒரு வரி வேண்டும், ஏனென்றால் கடனோடு வரும் சாதாரணக் காப்புறுதி அதற்குக் கைகொடுக்காது. லைசென்ஸ் இழப்புக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டியது.

அவர்கள் மசியாவிட்டால், இரத்மலானையில் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்துச் சம்பளத்தோடு மணித்தியாலம் சேர்ப்பது, கேரவன் போன்ற சின்ன விமானங்கள் ஓட்டும் இடங்களுக்கு விண்ணப்பிப்பது என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஜெட் இரண்டு மூன்று வருடம் பிந்தும், அவ்வளவுதான். வருகிற சம்பளத்தில் முதலில் அம்மாவின் நகையை மீட்டுவிடுங்கள், வட்டி அதன் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

கொம்பனி அந்த இரண்டாம் பந்தியைத் திருத்தி, வேலை தொடங்கும் திகதியோடு புதுக் கடிதம் தந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன். அதற்கு முன்னால் வங்கிப் பக்கம் போக வேண்டாம்.