கிளாட் கோச்சிங்கில் சேருமுன்: தொண்டி முதல் மண்டபம் வரை கேட்ட கேள்விகள்

தொண்டியிலிருந்து ஒரு தாய்: மகள் பிளஸ் ஒன். வக்கீலுக்குப் படிக்கணும்கிறா. ராமநாதபுரம் அரசு சட்டக் கல்லூரிக்கும் கோச்சிங் வேணுமா சார்?

வேண்டாம்மா. அங்கே ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் விண்ணப்பம் வாங்கி ரேங்க் போடும். திருச்சி, பெங்களூரு போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் கிளாட் என்ற பொது நுழைவுத் தேர்வு. டெல்லிக்கு அய்லெட் என்று தனித் தேர்வு. எந்தக் கல்லூரி என்று முடிவு பண்ணாமல் முன்பணம் கட்டாதீங்க.

கீழக்கரை மாணவர்: காக்கா, பிளஸ் டூ பரீட்சை முடிச்சிட்டு கிராஷ் கோர்ஸ் சேரலாமா? நான் தமிழ் மீடியம்.

அதற்குள் தேர்வே முடிந்திருக்கும் தம்பி. 2023 முதல் கிளாட் டிசம்பர் முதல் ஞாயிறு நடக்கிறது, அதாவது பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே. விண்ணப்பமும் அக்டோபர், நவம்பரோடு சரி. பிளஸ் ஒன்னிலேயே தொடங்குவதுதான் நல்லது.

தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். 120 கேள்வி, 120 நிமிடம். கேள்விகள் பத்திகளை ஒட்டித்தான் வரும். ஒரு பத்தி சுமார் 450 சொல். நிமிடத்துக்கு 150 சொல் வாசித்தால் பத்திக்கே மூன்று நிமிடம் போய்விடும். கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், ஐந்து கேள்வி இருந்தால் மிச்சம் இரண்டே நிமிடம். தமிழ் மீடியம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். இலக்கணப் புத்தகம் இதற்கு உதவாது. தினம் ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்றை கடிகாரம் வைத்துப் படித்து, சாரத்தை மூன்று வரியில் எழுதுங்க. நடப்பு நிகழ்வுக்கும் அதுவே ஆகும்.

தேவிபட்டினம்: சட்டமே தெரியாதே, கிளாட்டின் சட்டப் பகுதியை எப்படி எழுதுவது?

தெரியத் தேவையில்லை. விதி பத்தியிலேயே இருக்கும். உதாரணத்துக்கு, “கண்டெடுத்தவருக்கு உண்மையான உரிமையாளரைத் தவிர மற்ற எல்லோருக்கும் எதிராக உரிமை உண்டு” என்று பத்தி சொல்கிறது. கரை ஒதுங்கிய வலையை முருகன் எடுத்து வைக்கிறான், வேறொருவன் தூக்கிப் போகிறான். வலை முருகனுடையது இல்லையே என்று நினைத்தால் விடை தப்பு. தூக்கிப் போனவன் உரிமையாளர் இல்லை, ஆகவே முருகன் திருப்பிக் கேட்கலாம். நம்ம நியாயத்தை ஓரம் வைத்துவிட்டு, பத்தியின் விதியை மட்டும் பிடிக்கணும்.

மண்டபம்: ஆன்லைனா, மதுரையில் தங்கியா?

பள்ளியை விட்டுப் போக வேண்டாம், ஆன்லைன் போதும். நெட் விட்டு விட்டு வரும் இடமென்றால், வகுப்பை டவுன்லோடு செய்ய விடுவார்களா என்று முதலில் கேளுங்க. ஒரு குறை உண்டு. மாக் டெஸ்ட் என்கிற மாதிரித் தேர்வு திரையில் வரும், உண்மைத் தேர்வோ பேனாவும், வட்டம் நிரப்பும் ஓஎம்ஆர் விடைத்தாளும். பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததைத் தாளில் ஒரு வரி தள்ளிக் குறித்தால், பின்னால் வருவதெல்லாம் தப்பாகிவிடும். தப்புக்கு கால் மார்க் வேறு போகும். வாரம் ஒன்றாவது பிரிண்ட் எடுத்து, பிற்பகல் 2 முதல் 4 வரை உட்கார்ந்து எழுதுங்க. பழைய வினாத்தாள்கள், கிளாட் நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான கன்சார்டியத்தின் இணையதளத்திலேயே இலவசம்.

ஏர்வாடி: மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள்.

தவணையே மேல். பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தரணும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் தந்தது. அது வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. அதனால் திருப்பித் தரும் விதியை ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுதி வாங்குங்க. வாயால் சொன்னது பிறகு நிற்காது.